யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத கதவு

வெளியூர் ஆள் ஒருவர் கிராமத்துக்குள் நுழைந்தால் டீக்கடை பெஞ்சிலிருந்து வரும் முதல் கேள்வி, "தம்பி எந்த ஊரு?" என்பது. ஊர் பெயரைச் சொன்னதும் அடுத்தது வரும். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் பதில் சொல்லிவிட்டால், "யார் வீட்டுப் பிள்ளை?" நாற்காலி எடுத்துப் போடுவதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்பது அந்தப் பதில்களில் முடிவாகிவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வந்திருப்பவர் யார் என்று உறுதி செய்துகொள்ளும் ஏற்பாடு எல்லா இடத்திலும் உண்டு. கணினித் துறையில் அதை ஆத்தென்டிகேஷன் என்கிறார்கள். தமிழில் அடையாளச் சரிபார்ப்பு. கணினி ஊரைக் கேட்பதில்லை, தெருவைக் கேட்பதில்லை. 'உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் இருக்கிறதே, அதைச் சொல்' என்று மட்டும் கேட்கிறது. சொன்னால் கதவு திறக்கும். அந்த ரகசியத்துக்குத்தான் பாஸ்வேர்டு என்று பெயர். தமிழில் கடவுச்சொல் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். கடவு என்றால் வழி, கடந்து போகும் பாதை. எந்தத் தெருவில் யார் நடக்கலாம், செருப்புப் போட்டு நடக்கலாமா, சைக்கிளில் ஏறிப் போகலாமா, பிணத்தை எந்தப் பாதையில் தூக்கிச் செல்லலாம் என்றெல்லாம் அடிதடி நடந்த மண் இது. ஒரு சொல்லைச் சொன்னால் திறக்கும் வழி என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

இன்று நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம் இந்தக் கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அதைப் பற்றி உலகப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. "பாஸ்வேர்டுக்கெல்லாம் பிஎச்.டி.யா அண்ணா?" என்று சிரிக்கும் கல்லூரித் தம்பிகளுக்காகவும் இந்த வாரக் கட்டுரை.

நான்கு மணி நேரம் போதாத மாணவர்

1961ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் உருவாக்கினார்கள். கணினி ஒன்று, ஆள் பல. அவரவர் கோப்பு அவரவருக்கு, அவரவருக்கு ஒதுக்கிய நேரமும் அவரவருக்கு. அதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே முதல் திருட்டு நடந்தது. திருடியவர் ஒரு முனைவர் பட்ட ஆய்வு மாணவர், ஆலன் ஷெர். அவருக்கு ஒதுக்கியது வாரத்துக்கு 4 மணி நேரம். ஆய்வுக்கு அது போதவில்லை. பாஸ்வேர்டுகள் எல்லாம் எழுதப்பட்ட கோப்பை அச்செடுத்துத் தரும்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவு கணினிக்கு ஒரு துளை அட்டையைக் கொடுத்தார். சனிக்கிழமை காலை போய் அச்சான தாளை எடுத்துக்கொண்டார். அப்புறம் மற்றவர்கள் பெயரில் நுழைந்து வேலை பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியே சொன்னார். 1966ல் இன்னொரு கூத்து. ஒரு குளறுபடியில், உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டு பட்டியலும் திரையில் வந்து நின்றது.

கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவிகளை எல்லாம் பெயர் எழுதி ஒரே ஆணியில் மாட்டி வைத்தார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

1979ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காதே, அரைத்து வை என்பது அதன் சாரம். உரலில் இடித்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? பாஸ்வேர்டை ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டு அரைத்து, மாவை மட்டும் கணினி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நீங்கள் பாஸ்வேர்டைச் சொன்னால், அதையும் அதே உரலில் இடித்து இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். பட்டியலைத் திருடியவனுக்குக் கிடைப்பது மாவுதான்.

ஆனால் திருடனும் உரல் வைத்திருக்கிறான். அகராதியில் உள்ள சொற்களை எல்லாம் அவனே இடித்து, எந்த மாவு திருடிய மாவோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பான். அதற்கும் அந்த இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொருவருடைய சொல்லோடும் வேறு வேறு எண்ணைச் சேர்த்து இடி என்றார்கள். அதற்கு வைத்த பெயர் 'சால்ட்', நம்முடைய உப்புதான். ஒரே கேழ்வரகுக் கூழ்தான், வீட்டுக்கு வீடு உப்பு வேறு, ருசி வேறு. ஒரு வீட்டுக்காக இடித்தது அடுத்த வீட்டுக்கு உதவாது. திருடன் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக முதலிலிருந்து இடிக்க வேண்டும்.

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவர்கள் பார்த்த 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம், ஒரே எழுத்து, இரண்டு எழுத்து, அகராதிச் சொல், ஆள் பெயர் என்று எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை.

உப்பு போடச் சொன்னது 1979ல். 2012ல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகள் திருடப்பட்டபோது அவை உப்பில்லாத மாவாக இருந்தன. அதற்கு முன் 2009ல் ராக்யூ என்ற நிறுவனம் அரைக்கவே இல்லை. முழு அரிசியாக 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் வெளியே கொட்டின. அவற்றில் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் வைத்திருந்தது 123456.

7 கோடி ரகசியங்களை எண்ணிய ஆய்வு

ராக்யூ பட்டியலை வைத்து ஆயிரம் கட்டுரை எழுதலாம். ஆனால் அது திருட்டுப் பொருள். மனிதர்கள் எப்படி ரகசியம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நேர்மையாக ஆராய வழி உண்டா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் போனோ என்ற ஆய்வு மாணவர் அந்த வழியைத் தேடினார். அவருடைய நெறியாளர் ராஸ் ஆண்டர்சன், கணினிப் பாதுகாப்புத் துறையில் பெரிய பெயர், 2024ல் மறைந்தார். மனிதர் தேர்ந்தெடுக்கும் ரகசியங்களை ஊகிப்பது பற்றிய போனோவின் ஆய்வேடு 2012ல் வந்தது.

அவர் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது முடிவைவிட முறைதான். 2011 மே மாதத்தில் யாஹூ நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, உள்ளே நுழையும் மக்களின் பாஸ்வேர்டுகளைச் சேகரித்தார். கிட்டத்தட்ட 7 கோடி பேர். ஆனால் ஒரு பாஸ்வேர்டைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் நுழைவாயிலிலேயே ஒரு ரகசியச் சாவியோடு சேர்த்து அரைக்கப்பட்டது. சேகரிப்பு முடிந்ததும் அந்தச் சாவி அழிக்கப்பட்டது. ஆய்வாளர் கையில் மிஞ்சியது வெறும் எண்ணிக்கை. ஏதோ ஒரு சொல், என்ன சொல் என்று தெரியாது, அதை இத்தனை பேர் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சொல்லை இத்தனை பேர். இவ்வளவுதான்.

நம் காலனிகளுக்கு வரும் கணக்கெடுப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். சாதி, வருமானம், கழிப்பறை உண்டா, கடன் எவ்வளவு என்று எல்லாவற்றையும் தெருவில் நின்று உரக்கக் கேட்டு எழுதுவார்கள். எழுதிய தாள் யார் வீட்டுத் திண்ணையிலோ கிடக்கும். தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதைத் தொடாமல் விடுவது ஓர் ஒழுக்கம். முனைவர் பட்டம் செய்யும் பிள்ளைகள் கணினித் துறை இல்லாவிட்டாலும் அந்த ஆய்வேட்டின் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

இனி முடிவுகள். இணையத்தில் ஒருவருடைய கணக்கில் சில முறை மட்டும் முயன்று பார்க்கிற திருடன், பலருடைய கணக்குகளில் அப்படியே முயன்றுகொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு எதிராக மக்களின் பாஸ்வேர்டு தரும் காவல் 10 பிட்டுக்கும் குறைவு. சாதாரண மொழியில் சொன்னால், குலுக்கிப் போட்டு எடுத்த மூன்று இலக்க எண்ணின் பலம்தான். மாவைத் திருடிக்கொண்டு போய் வீட்டில் வைத்து இடிக்கும் கெட்டிக்காரத் திருடனுக்கு எதிரே சுமார் 20 பிட், அதாவது ஆறு இலக்க எண் அளவு. கணினிக்கு அது நொடி வேலை.

பணம் செலுத்தும் கார்டு விவரத்தைக் கணக்கில் சேர்த்தவர்களாவது கவனமாக இருந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். பெரிய வித்தியாசம் இல்லை. மொழி வாரியாகப் பார்த்தாலும் எல்லோரும் ஏறத்தாழ ஒரே குட்டையில்தான். வயதில் மட்டும் ஒரு சுவாரசியம். இளைஞர்களைவிட வயதானவர்கள் கொஞ்சம் நல்ல பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். 'உனக்கு ஒண்ணும் தெரியாது தாத்தா' என்று போனைப் பிடுங்கும் பேரப்பிள்ளைகள் கவனிக்க.

அந்த ஆய்விலிருந்து எழுந்த கட்டுரைக்கு 2013ல் அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. ஒரு விருது கொடுத்தது. என்.எஸ்.ஏ. மக்களின் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் மொத்தமாக வேவு பார்க்கிறது என்று எட்வர்ட் ஸ்நோடன் அம்பலப்படுத்திய அடுத்த மாதம் அது. போனோ விருதை மறுக்கவில்லை. ஆனால் இப்போது இருக்கும் வடிவில் அப்படியொரு அமைப்பு சுதந்திரச் சமூகத்துக்குப் பொருந்தாது என்று பகிரங்கமாக எழுதினார். விருது கொடுத்த கை சூடாக இருக்கும்போதே அதை எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

பிறந்த தேதி யாருக்குத் தெரியாது?

அதே 2012ல் போனோவும் ஆண்டர்சனும் இன்னொருவரும் சேர்ந்து ஏ.டி.எம். பின் நம்பர் பற்றி ஆராய்ந்தார்கள். நான்கு இலக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மக்கள் பெருமளவு நாடுவது தேதியை, குறிப்பாகப் பிறந்த தேதியை. பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையும் ஏ.டி.எம். கார்டும் ஒரே பர்ஸில் இருக்கும். விவரமான திருடன் 11 பர்ஸ் திருடினால் அதில் ஒன்றின் கார்டில் பணம் எடுத்துவிடலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். உங்கள் பர்ஸை இப்போது திறந்து பாருங்கள். ஆதார் அட்டையும் ஏ.டி.எம். கார்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன?

2015ல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போனோவோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. பாஸ்வேர்டு மறந்துவிட்டால் கேட்பார்களே, பிறந்த ஊர் எது, உன் முதல் ஆசிரியர் பெயர் என்ன, பிடித்த உணவு எது என்று. அந்தப் 'பாதுகாப்புக் கேள்வி'களை எடுத்துச் சோதித்தார்கள். கொரிய மொழி பேசுவோரின் பிறந்த நகரத்தை 10 முறை ஊகித்தால் 39 சதவீதம் பேருடையதைச் சரியாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலம் பேசுவோரின் பிடித்த உணவை ஒரே ஊகத்தில் 19.7 சதவீதம் பேருக்குச் சரியாகச் சொல்லலாம். ஆனால் கணக்குக்குச் சொந்தக்காரர்களில் நிறையப் பேருக்குத் தாங்கள் எழுதிய பதிலே நினைவில் இல்லை. திருடனுக்குத் தெரிந்த பதில், சொந்தக்காரருக்கு மறந்துபோகிற பதில்!

பிறந்த ஊர், தகப்பன் பெயர், படித்த பள்ளி. டீக்கடை பெஞ்சின் கேள்விகளேதான். ஊரும் குடும்பமும் கேட்காத கதவு என்று நாம் மகிழ்ந்தோம். பின்கதவு வழியாக அதே கேள்விகள் உள்ளே வந்துவிட்டன. நம்மை வெளியே நிறுத்தக் கேட்கப்பட்ட கேள்விகளின் பதில் ஊருக்கே தெரியும். அது எப்படி ரகசியமாகும்?

கிராமத்தில் பிறந்த தேதியின் கதை தனி. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அது தாய் சொன்ன தேதி அல்ல. பள்ளியில் சேர்க்க வசதியாக வாத்தியார் போட்ட தேதி. மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வரும். இளையவர்களுடைய தேதியோ மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் என்று ஜெராக்ஸ் கடைகளில் இறைந்து கிடக்கிறது. உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைதான் அதிக நகல் எடுக்கிறது, அதிக மேஜைகளில் கொடுக்கிறது. இ-ஆதார் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டைப் பாருங்கள்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், கூடவே பிறந்த ஆண்டு. ஊரறிந்த பூட்டு, ஊரறிந்த சாவி.

எங்கள் பக்கத்து சிறுநகரம் ஒன்றில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே மேஜை மேல் ஒரு நீள நோட்டு. மாணவர் பெயர், விண்ணப்ப எண், பாஸ்வேர்டு, செல் நம்பர் என்று கோடு போட்டு எழுதியிருக்கும். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒரே அச்சு. பெயரும் ஆண்டும் மட்டும் மாறும். சில வரிகளில் செல் நம்பர் இடத்தில் கடைக்காரரின் நம்பரே இருந்தது. வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு ஓ.டி.பி. எங்கே வரும்? அவர் நம்பரைக் கொடுத்து உதவியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டால் அடுத்த ஆண்டு புதுப்பித்தல் என்ன ஆகும்? தொகை வரவில்லை என்றால் கல்லூரி கட்டணம் கட்டச் சொல்லும். கட்ட முடியாத பிள்ளை கரும்பு வெட்டப் போகும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் கணக்கில் 'பாஸ்வேர்டு' என்று ஒரு காரணத்தை யாரும் எழுதுவதில்லை.

கெட்டவர் கையில் விழுந்தால்? 2020ல் ஜார்க்கண்ட் மாநிலத்தில் சிறுபான்மைப் பிள்ளைகளின் பள்ளி உதவித்தொகையில் இடைத்தரகர்கள் புகுந்து பணத்தைச் சுருட்டியது பத்திரிகைகளில் வெளியானது. ஏழைகளிடம் ஆதாரையும் கைரேகையையும் வாங்கிக்கொண்டு, வந்த தொகையில் கொஞ்சத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

யார் மேல் பழி?

ஏதாவது நடந்துவிட்டால் உடனே சொல்வார்கள், "படிக்காத ஜனம், பாஸ்வேர்டுகூட ஒழுங்கா வைக்கத் தெரியாது." இந்தப் பழியை உடைத்ததுதான் இந்தத் துறை ஆய்வுகள் செய்த பெரிய உதவி.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, 90 நாளுக்கு ஒரு முறை மாற்று என்றெல்லாம் விதி வைத்தார்களே, அது எந்த ஆராய்ச்சியின் முடிவு? 2010ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் யின்சியான் ஜாங் என்ற ஆய்வு மாணவர் தன் பேராசிரியர்களோடு சேர்ந்து, கட்டாயத்தின் பேரில் மாற்றப்பட்ட பழைய பாஸ்வேர்டுகளைச் சோதித்தார். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் 41 சதவீதக் கணக்குகளில் புதியதைக் கணினி சில நொடிகளில் கண்டுபிடித்துவிட்டது. 17 சதவீதக் கணக்குகளுக்கு ஐந்து ஊகம்கூடத் தேவைப்படவில்லை. மக்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்குவார்கள். படித்த பல்கலைக்கழக மக்கள்தான் அவர்களும்.

அந்த விதிகளுக்கு மூலமான 2003ஆம் ஆண்டு ஆவணத்தை எழுதிய பில் பர் என்ற அமெரிக்க அரசு அதிகாரி, அதில் எழுதிய பலவற்றுக்காக வருந்துவதாக ஓய்வுக்குப் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். 2017ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே வழிகாட்டுதலைத் திருத்தியது. காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, குறி போடு எண் போடு என்று படுத்தாதே, நீளமாக வைக்க விடு, ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டை ஏற்காதே. நம்மூர் இணையதளங்களில் பல இன்னும் பழைய விதியையே பிடித்துத் தொங்குகின்றன. தவறு விதி செய்தவரிடம், பழி வைத்திருப்பவரிடம். நமக்கு இது பழகிய கதை.

பாஸ்வேர்டே வேண்டாம், கைரேகை வைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. செங்கல் சூளையிலும் சிமென்டிலும் தேய்ந்த விரல், சாயப்பட்டறையில் வெந்த விரல், ரேஷன் கடை இயந்திரத்தில் பதியாமல் திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கும் பாட்டியின் விரல், இவற்றைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொல் தேயாது. திருடு போனால் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். திருடு போன ரேகைக்கு வேறு விரலுக்கு எங்கே போவது?

சிலம்பை உடைக்காமல்

தமிழ் படித்தவன் என்பதால் இது தோன்றுகிறது. கோவலன் கொலையும் அடையாளச் சரிபார்ப்பில் நடந்த பிழைதான். பார்வைக்கு இரண்டு சிலம்பும் ஒன்று. உள்ளே இருக்கும் பரல் வேறு. அரசியினுடையதில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். அரசன் உள்ளே இருப்பதைச் சோதிக்கவில்லை, பொற்கொல்லன் சொல்லை எடுத்துக்கொண்டான். கண்ணகி நிரூபித்தாள், ஆனால் சிலம்பை உடைத்துத்தான் நிரூபிக்க முடிந்தது.

பாஸ்வேர்டிலும் இதே சிக்கல். எனக்குத் தெரியும் என்று காட்ட, அதை எதிரில் இருப்பவனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு ரகசியம் என்ன ரகசியம்? எதிரில் இருப்பது போலி இணையதளமாக இருந்தால் கதை முடிந்தது. 1992ல் ஸ்டீவன் பெல்லோவின், மைக்கேல் மெரிட் இருவரும் ஒரு வழி கண்டார்கள். இரு பக்கமும் கணக்குப் போட்டு விடைகளைப் பரிமாறிக்கொள்ளும். இரு பக்கத்துக்கும் ஒரே ரகசியம் தெரிந்தால் மட்டும் கணக்கு ஒத்துப்போகும். ஒட்டுக் கேட்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. சிலம்பை உடைக்காமலே உள்ளே மாணிக்கம் என்று நிரூபிக்கும் வித்தை. 2018ல் ஓபேக் என்ற பெயரில் இதன் வலுவான வடிவம் வந்தது. அதில் பதிவு செய்யும்போதுகூட எதிர்ப்பக்கக் கணினி உங்கள் பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை. இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கத் தோன்றும் பிள்ளை கணிதம் படிக்கட்டும்.

ஆய்வுக்கு வாருங்கள்

தலித் மாணவர் முனைவர் பட்டம் செய்கிறார் என்றால் 'தலித் இலக்கியமா, தலித் பண்பாடா?' என்று கேட்கிறார்கள். தேவையான துறைகள்தான், நானும் அங்கிருந்து வந்தவன்தான். ஆனால் அம்பேத்கர் 1923ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பட்டம் வாங்கியது ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு. தன் சாதியைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று அவரை யாரும் கட்டிப்போட முடியவில்லை.

பாஸ்வேர்டு ஆய்வுக்குக் கோடி ரூபாய் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கணிதம், கொஞ்சம் மொழியியல், மனிதரைப் பற்றிய கவனம் போதும். யாஹூ மக்களை எண்ணியாயிற்று. ஒரு போனை வீட்டில் ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் காலனியில் 'எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்' என்றால் என்ன? தமிழில் யோசித்து ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைக்கிறார்கள்? வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஊகிப்பவனுக்கு எவ்வளவு உதவும்? எழுதத் தெரியாத நூறு நாள் வேலைக்காரருக்குக் கதவை எப்படி அமைப்பது? அடுத்தவர் உதவியோடு விண்ணப்பித்தாலும் சாவி பிள்ளையிடமே இருக்கும்படி உதவித்தொகை இணையதளத்தைக் கட்ட முடியுமா? இந்தக் கேள்விகள் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றாது. பிரவுசிங் சென்டர் வரிசையில் நின்றவருக்குத் தோன்றும்.

பணத்துக்கு வழி உண்டு. நெட் தேர்வில் தகுதி பெறும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஆய்வுதவித் தொகை இருக்கிறது; முன்பு ராஜீவ் காந்தி பெயரில் இருந்தது அதுதான். முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசு தனியாக ஊக்கத்தொகை தருகிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. நூறு சீட்டு வெட்டுங்கள். சீட்டுக்கு ஒரு சொல்: உரல், தபால், முருங்கை, நண்டு, ஏணி என்று கண்ணில் பட்டதெல்லாம். பாட்டு வரியோ, நடிகர் பெயரோ, சாமி பெயரோ வேண்டாம். குலுக்கி ஒன்றை எடுங்கள், எழுதிக்கொண்டு திரும்பப் போடுங்கள், மறுபடி குலுக்குங்கள். நான்கு முறை. 10 கோடி சேர்க்கைகளில் ஒன்று உங்கள் கையில் இருக்கும். ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் அதுதான் கடவுச்சொல். இணையதளம் எண்ணும் குறியும் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் கடைசியில் போட்டுத் தொலையுங்கள். ஒரு தாளில் எழுதி, வீட்டில் பட்டாவும் சான்றிதழ்களும் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் பெயரில் உள்ள செல் நம்பரைக் கணக்கில் மாற்றுங்கள். பழைய கடவுச்சொல்லை மாற்றிய பிறகு அந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, நீள நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள வரியை உங்கள் கையாலேயே அடித்துவிட்டு வாருங்கள்.